முதல் பரிசு வாங்கிய சாணித் தொட்டி

அஞ்செட்டியிலிருந்து ஓசூர் வரும் பஸ்ஸில், கடைசி சீட்டில், ஆறு பிளாஸ்டிக் கேன்களுக்கு நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன். கேன்கள் வயிறு உப்பிக்கொண்டே வந்தன. கிளம்பும்போது சதுரமாக இருந்தவை, தேன்கனிக்கோட்டை நெருங்குவதற்குள் உருண்டையாகிவிட்டன.

கண்டக்டர் டிக்கெட் கட்டோடு வந்து நின்றார்.

"என்னா சார் இது?"

"உறைங்க. தயிருக்கு ஊத்துவாங்கல்ல, அந்த மாதிரி."

"ஆறு கேன் உறையா? யார் வூட்டுக் கல்யாணம்?"

பக்கத்தில் இருந்த எங்கள் கேன்டீன் மும்தாஜ் அக்கா முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டார். சிரிப்பை அடக்குகிறாரா, மூக்கைப் பொத்துகிறாரா என்று எனக்குப் புரியவில்லை. இரண்டும்தான் என்று பிற்பாடு சொன்னார்.

அந்த நேரம் பார்த்து ஒரு கேனின் மூடி 'டப்'பென்று கழன்று, பஸ் கூரையில் அடித்து, முன் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த பெரியவர் மடியில் போய் விழுந்தது. அதைத் தொடர்ந்து வாசனை வந்தது. அதை விவரித்தால் இந்த வாரப் பத்திரிகையை நீங்கள் கையால் தொட மாட்டீர்கள் என்பதால் விட்டுவிடுகிறேன்.

போன வாரம் எங்கள் கம்பெனி பஞ்சிங் மெஷின் கதையைப் படித்துவிட்டு, "நீங்கள் நிஜமாகவே குவாலிட்டி இன்ஸ்பெக்டரா?" என்று ஒரு வாசகர் சந்தேகப்பட்டிருந்தார். ஐயா, நிஜம்தான். இருபது வருஷத்துக்கு மேல் கையில் அளவு பார்க்கும் வெர்னியரோடு நின்றவன். அப்பேர்ப்பட்டவன் சாணிக் கரைசலோடு பஸ் ஏறிய கதையைச் சொல்ல வேண்டுமானால் முதலில் ஃபேனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கொக்கி இல்லாத கூரை

தர்மபுரியிலிருந்து நான் வேலைக்கு வந்த புதிதில், ஓசூரில் வாடகைக்குப் பிடித்த வீட்டின் கூரையில் ஃபேன் மாட்டக் கொக்கியே இல்லை. வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"ஓசூர்ல ஃபேனா? எதுக்கு சார்?" என்று அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஒட்டகத்துக்கு ஷெட் கேட்டிருந்தால்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார்.

அவர் சொன்னது அன்றைக்கு உண்மை. காலை ஷிஃப்ட்டுக்கு ஸ்வெட்டர் இல்லாமல் போனால் பல் தந்தியடிக்கும். சித்திரை மாதத்தில்கூடப் போர்வை வேண்டும்.

அப்புறம் ஒரு வருஷம் டேபிள் ஃபேன் வந்தது. அடுத்து கூரையில் ஓட்டை போட்டுக் கொக்கி மாட்டினோம். பிறகு இன்னொரு அறைக்கு இன்னொரு ஓட்டை. கீழ்வீட்டில் குடியிருந்த வீட்டுக்காரர் சுவரில் ஏ.சி.க்காக ஜன்னல் அளவுக்கு ஒரு ஓட்டையே போட்டுவிட்டார். வெயில் ஏறிவிட்டதா இல்லையா என்று டி.வி.யில் நாலு பேர் சண்டை போடும்போது எனக்குச் சிரிப்பு வரும். எங்கள் வீட்டு ஓட்டைகளை எண்ணினாலே போதும்.

கம்பெனிக்குள் இன்னும் மோசம். மாசியிலேயே தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் தலைக்கு ஈரத் துண்டு கட்டிக்கொண்டு நிற்பார்கள். எல்லோரும் வெயிலைத் திட்டினோம். வேறு என்ன செய்யலாம் என்று யோசித்தவர் ஒரே ஒருத்தர். அவர் இன்ஜினியர் இல்லை, கேன்டீன் நடத்துகிறவர்.

சுண்ணாம்பு சாப்பிட்ட தொட்டி

மும்தாஜ் அக்கா ஒன்பது பெண்களை வைத்துக்கொண்டு அறுநூறு பேருக்குச் சமைத்துப் போட்டார். மிஞ்சின சோறு, காய்த் தோல், எச்சில் இலை எல்லாம் ஒரு டிராக்டரில் ஏறி, ஏரிக்கரையில் போய் விழும். ஒருநாள் ஜி.எம். சாப்பிட வந்தபோது அக்கா நேராகக் கேட்டார்.

"சார், இதையெல்லாம் அங்க கொண்டு போயி நாறடிக்கறதுக்கு, இங்கயே ஒரு தொட்டியில நாறவச்சா கேஸ் எடுக்கலாம் சார். எங்க சித்தப்பா மகன் வேப்பனப்பள்ளி மாந்தோப்புல அப்பிடித்தான் எடுக்கறான்."

ஏரிக்கரையில் கிடந்து அழுகும் குப்பையிலிருந்து கிளம்புகிற வாயு மேலே போய் உலகத்தின் சூட்டைக் கூட்டுகிறது. அதே வாயுவைப் பிடித்து அடுப்பில் விட்டால் சாம்பார் கொதிக்கிறது. இவ்வளவுதான் விஷயம். ஜி.எம்.முக்குச் சாம்பாரை விட, வாசலில் 'பசுமை நிறுவனம்' என்று போர்டு வைக்கலாம் என்பது பிடித்தது. எது பிடித்தால் என்ன, தொட்டி வந்தது.

சிமென்ட் தொட்டி, அதன் மேல் கவிழ்த்த பெரிய டிரம். கேஸ் சேர்ந்தால் டிரம் மேலே எழும்பும், தீர்ந்தால் கீழே இறங்கும். அதைப் பார்த்துக்கொள்கிற வேலை வெல்டர் முனிராஜுக்கு. தினமும் காலையில் டிரம்முக்கு "குட் மார்னிங் சார்" சொல்லிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவான். எங்களுக்கும் ஒரு பழக்கம் வந்துவிட்டது. கேட்டுக்குள் நுழைந்ததும் எட்டிப் பார்ப்போம். டிரம் உயரத்தில் இருந்தால் அன்றைக்கு வடை உண்டு.

ஒரு தடவை ராயக்கோட்டை மார்க்கெட்டில் தக்காளி விற்காமல் ரோட்டில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். அக்காவுக்கு மனசு கேட்காமல் ஒரு வண்டித் தக்காளியைக் கொண்டுவந்து தொட்டிக்குள் போட்டுவிட்டார். தொட்டிக்குப் புளிப்பு ஏறி, கேஸ் நின்றுபோனது. அக்கா சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றினார், சரியானது. "சுண்ணாம்பு குடுத்தாச்சு, வெத்தல பாக்கு மட்டும்தான் பாக்கி" என்றான் முனிராஜ்.

அந்தத் தொட்டிக்குள் உயிர் இருக்கிறது என்பதை அன்றைக்கே நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும். ஆனால் எனக்கு ஆயுத பூஜைக்குத் தரும் பரிசு ஹாட்பேக் மேல் கண்.

மல்லிகை வாசம்

ஓசூர்க் கம்பெனிகளில் ஆயுத பூஜை என்றால் வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னாலும் புரியாது. இரண்டு நாள் முன்னாலேயே மெஷின் நின்றுவிடும். வருஷம் முழுக்க அழுக்குத் துணியால்கூடத் தொடாத லேத்தை அன்றைக்கு மண்ணெண்ணெய் போட்டுக் குளிப்பாட்டுவார்கள். சந்தனம், குங்குமம், வாழைக்கன்று, பூசணிக்காய், பொரி கடலை. சாமி கும்பிடாதவன்கூட தன் டிரில்லிங் மெஷினுக்குப் பொட்டு வைப்பான். மும்தாஜ் அக்காவின் கிரைண்டருக்கும் சந்தனம் உண்டு. வைப்பவர் அவரேதான்.

சுத்தமான செக்‌ஷனுக்கு முதல் பரிசு. சாப்பாட்டைச் சூடாக வைக்கும் ஹாட்பேக்தான் அந்தப் பரிசு. வருஷா வருஷம் பிரஸ் ஷாப்தான் வாங்கும். அந்த வருஷம் கேன்டீனும் பின்பக்கமும் என் பொறுப்பில் விடப்பட்டது. வேறு யாரும் எடுத்துக்கொள்ளவில்லை என்பது காரணம். குவாலிட்டிக்காரன் கை பட்டால் எப்படி இருக்கும் என்று காட்டிவிட வேண்டும் என்று எனக்கு வெறியே பிடித்துவிட்டது.

எல்லாம் பளபளவென்று ஆனது. தொட்டி மட்டும் நாறியது. ஸ்டோரிலிருந்து மல்லிகை வாசனை போட்ட பினாயில் வாங்கிவந்தேன். சுற்றிலும் தெளித்தேன். அப்போதும் நாற்றம் உள்ளேயிருந்து வந்தது. உள்ளேயிருந்து வருவதை உள்ளே போய்த்தானே நிறுத்த வேண்டும்? கரைசல் ஊற்றுகிற வாய் வழியாக அப்படியே கவிழ்த்தேன். பிளீச்சிங் பவுடரும் போட்டேன். அக்கா அந்த நேரம் அண்டாவில் கேசரி கிண்டிக்கொண்டிருந்தார்.

ஜி.எம். வந்து மூக்கை உறிஞ்சினார். "சாணித் தொட்டியில மல்லிகை வாசம் வருதே! எக்ஸலன்ட்!" என்றார். முதல் பரிசு எங்களுக்கு. ஹாட்பேக் என் கைக்கு வந்தது. பிரஸ் ஷாப்காரர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

மறுநாள் டிரம் ஒரு சாண் இறங்கியது. அதற்கு மறுநாள் இன்னும் இறங்கியது. நாலாம் நாள் அடியில் போய் உட்கார்ந்துவிட்டது.

அக்கா கேட்ட கணக்கு

அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. தக்காளி யாராவது போட்டார்களா என்று விசாரித்தார். சுண்ணாம்பு கொடுத்தார். சிலிண்டர் வாங்கிச் சமைத்த நேரம் போக மற்ற நேரமெல்லாம் தொட்டிப் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. வாயைத் திறக்கத்தான் தைரியம் இல்லை.

அப்போதுதான் ஜி.எம். கேன்டீனுக்கு வந்து சொன்னார். இன்னும் மூன்று வாரத்தில் வெளிநாட்டு கஸ்டமர்கள் வருகிறார்கள், இந்தத் தொட்டியைத்தான் முக்கியமாகப் பார்க்கப் போகிறார்கள்.

"அன்னிக்கு எரியலன்னா மண்ணு போட்டு மூடிடலாம்மா. கார் பார்க்கிங்குக்கு இடம் பத்தல. சாப்பாடு பெங்களூர்ல இருந்து வண்டியில வந்துரும். பேசியாச்சு."

அக்காவின் பின்னால் ஒன்பது பெண்களும் கரண்டியும் கையுமாக நின்றிருந்தார்கள். வெட்கம் என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் முழுசாகத் தெரிந்தது. ஜி.எம். போனதும் பக்கத்தில் போனேன்.

"அக்கா, ஆயுத பூஜ அன்னிக்கி தொட்டிக்குள்ள நான் பினாயில் ஊத்திட்டேன்."

"எவ்ளோ?"

"ரெண்டு கேன்."

"அவ்ளோதானா?"

"கொஞ்சம் பிளீச்சிங் பவுடரும்."

"கொஞ்சம்னா?"

"அரை மூட்டை."

"யா அல்லா!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். "உள்ள இருந்து சோத்தத் தின்னு கேஸ் குடுக்கறது பூரா உசுருப்பா! கண்ணுக்குத் தெரியலன்னா இல்லன்னு ஆயிருமா? உன்ன உங்கம்மா பினாயில்லயா குளிப்பாட்டுனாங்க?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அந்த ஹாட்பேக் எங்க?"

"வூட்ல இருக்குக்கா."

"சப்பாத்தி வெக்கறியா அதுல?"

"ஆமாக்கா."

"சூடா இருக்கா?"

"இருக்குக்கா."

"என் அடுப்புதான் ஆறிக் கெடக்குது" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அவர் இன்னும் நாலு திட்டு திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை அவரே கூப்பிட்டார். கோபம் தீரவில்லை, ஆனால் திட்டம் தயார். பினாயில் கலந்த கரைசலை வெளியே எடுத்துத் தனிக் குழியில் விடுவது. புதுச் சாணமும் தண்ணீரும் நிரப்புவது. ஆனால் அது வெறும் பால் மாதிரி. தானாகத் தயிராக வேண்டுமானால் நாள் பிடிக்கும். நன்றாக ஓடுகிற பழைய தொட்டியிலிருந்து உறை கொண்டுவந்து ஊற்றினால்தான் மூன்று வாரத்துக்குள் பிழைக்கும்.

முனிராஜின் அக்காவைக் கட்டிக்கொடுத்தது அஞ்செட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு மலையூரில். அங்கே கௌரம்மா என்பவர் வீட்டில் பல வருஷமாகத் தொட்டி ஓடுகிறதாம்.

கௌரம்மா வீட்டு வாசல்

கம்பெனி வண்டி கேட்டால் ஜி.எம்.முக்குக் காரணம் சொல்ல வேண்டும். அதனால் நானும் அக்காவும் காலை பஸ்ஸில், காலிக் கேன்களோடு போய் இறங்கினோம்.

கௌரம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். எங்களையும் கேன்களையும் பார்த்து, "ஏனு பேக்கு?" என்றார் கன்னடத்தில், என்ன வேண்டும் என்று.

"சகணி நீரு" என்று சாணித் தண்ணீர் கேட்டார் அக்கா. தொட்டியைக் காட்டினார்.

தொட்டி எப்படிச் செத்தது என்று கௌரம்மா கேட்டார். எனக்குத் தெரிந்த தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றையும் கலந்து சுற்றி வளைத்துச் சொல்லிப் பார்த்தேன். அக்கா ஒரே வார்த்தையில் முடித்தார்.

"பினாயில்."

கௌரம்மா வாளியைக் கீழே வைத்தார். "பினாயிலா! அய்யோ சிவனே!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். அவர் எதிர்வீட்டைக் கூப்பிட்டார். தொட்டிக்குப் பினாயில் ஊற்றிய மனுஷனைப் பார்க்க ஊரில் பாதி வந்துவிட்டது. ஒரு குழந்தையைத் தூக்கி வந்து தூரத்திலிருந்து காட்டினார்கள்.

ஆறு கேனும் நிரம்பின. நான் பர்ஸை எடுத்தேன். கௌரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அதுவரை கன்னடம் பேசியவர் தமிழுக்கு மாறினார். "உறைக்கு யாராச்சும் காசு வாங்குவாங்களா சாமி? நாளைக்கு எங்குது கெட்டா நீங்க குடுங்க."

கிளம்பும்போது மூடியை லூசாக வைக்கச் சொன்னார். உள்ளே இருப்பது மூச்சு விடுமாம். நான் கேட்டேனா? ஒரு சொட்டு ஒழுகினாலும் ரிஜெக்ட் என்று இருபது வருஷம் கத்தியவன். ஆறு மூடிகளையும் கை வலிக்கத் திருகினேன்.

கேன் வெடித்த பிறகு

அதன் பலன்தான் தேன்கனிக்கோட்டைக்கு முன்னால் கூரையில் அடித்தது. கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் நின்றது. பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் கீழே குதித்து, சேலைத் தலைப்பும் துண்டும் மூக்கில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். மடியில் மூடி விழுந்த பெரியவர், "நான் இல்லப்பா, சத்தியமா நான் இல்ல" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எறக்குங்க சார் எல்லாத்தையும்" என்றார் கண்டக்டர்.

அடுத்த பஸ் எப்போது என்று தெரியாது. அக்கா படிக்கட்டில் ஏறி நின்றார்.

"எல்லாரும் கேளுங்கப்பா. இது சாணித் தண்ணி. இதுல கேஸ் வரும், அந்தக் கேஸ்ல அறுநூறு பேருக்குச் சோறாக்கறோம். சிலிண்டரும் வேணா, வெறகும் வேணா. இவரு தெரியாத்தனமா எங்க தொட்டியச் சாவடிச்சிட்டாரு. இத ஊத்துனாத்தான் பொழைக்கும். இல்லன்னா ஒம்போது பொம்பளைங்களுக்கு வேல போயிரும். இப்பச் சொல்லுங்க, எறக்கட்டுமா?"

கூடையோடு நின்ற ஒரு அம்மா, "எங்கூட்ல ரெண்டு மாடு இருக்குது, அதுக்கே கேஸ் வருமா?" என்று கேட்டார். வரும் என்றார் அக்கா. இன்னொருத்தர் தொட்டி எவ்வளவு ஆழம் தோண்ட வேண்டும் என்றார். பெரியவர் மூடியைத் துடைத்துக் கொடுத்தார்.

கண்டக்டர் ஏறி வந்து, மீதி ஐந்து மூடிகளையும் தானே லூசாக்கினார். ஒவ்வொன்றும் 'உஸ்' என்றது. "ஜன்னலத் தொறந்து வெய்ங்கப்பா" என்று கத்திவிட்டு விசில் ஊதினார். ஓசூர் வரைக்கும் பஸ்ஸில் தொட்டிப் பேச்சுதான்.

நிறம் ஓகே, மணம் ஓகே

கேட்டில் செக்யூரிட்டி மடக்கினார். உள்ளே வருகிற எந்தப் பொருளானாலும் ரிஜிஸ்டரில் ஏற வேண்டும், குவாலிட்டி கையெழுத்து வேண்டும். நானே போட்ட ரூல் அது.

"மெட்டீரியல் பேரு?"

"தொட்டி உறை."

"இன்ஸ்பெக்‌ஷன் பண்ணியாச்சா சார்?"

கையெழுத்துப் போட்டேன். 'நிறம் ஓகே. மணம் ஓகே.' என் சர்வீஸில் மனசாரப் போட்ட கையெழுத்து அதுதான்.

முனிராஜ் அதற்குள் தொட்டியைக் காலி செய்து, புதுச் சாணம் நிரப்பி வைத்திருந்தான். உறையை ஊற்றினோம். முதல் வாரம் டிரம் அசையவில்லை. இரண்டாவது வாரம் ஒருநாள் முனிராஜ் ஓடி வந்து, "அண்ணா, எந்திரிச்சிருச்சு!" என்றான். போய்ப் பார்த்தோம். டிரம் ஒரு முழம் எழும்பியிருந்தது. அக்கா தீக்குச்சியைக் கிழித்து அடுப்பில் காட்டினார்.

குச்சி அணைந்தது. இன்னொன்று. அதுவும் அணைந்தது. யாரோ ஊதி அணைப்பது போல 'புஸ்' என்று கேஸ் ஒவ்வொன்றாக அணைத்தது. ஒரு பெட்டி தீர்ந்துபோனது.

"கேஸ் வருதுண்ணா, ஆனா இது தீயணைப்புக் கேஸ்" என்றான் முனிராஜ். யாரும் சிரிக்கவில்லை.

வேப்பனப்பள்ளி சித்தப்பா மகனுக்குப் போன் போட்டோம். முதலில் வருவது அப்படித்தான் எரியாது, திறந்து விட்டுவிட்டுக் காத்திருங்கள் என்றான். திறந்து விட்டோம். டிரம் மறுபடி அடிக்குப் போனது. கஸ்டமர்கள் வர நாலு நாள்தான் இருந்தது.

அக்கா அளவாகச் சாணமும் சோறு வடித்த கஞ்சியும் ஊற்றி வந்தார். வருகிற நாள் காலையில் டிரம் ஒரு சாண் எழும்பியிருந்தது. ஒரு தடவை பற்றவைத்துப் பார்க்கலாம் என்றேன்.

"இருக்கறதே ஒரு வாய். சோதிக்கறேன்னு அதையும் எரிச்சிடாத" என்றார் அக்கா. தீப்பெட்டியை என் பாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டார்.

ஒரு டீ

இரண்டு வெளிநாட்டுக்காரர்கள், தலையில் ஹெல்மெட்டோடு வந்தார்கள். பின்னால் ஜி.எம். ஷிஃப்ட் மாறுகிற நேரம் என்பதால் உள்ளே வருகிறவர்களும் வெளியே போகிறவர்களும் தொட்டியைச் சுற்றி நின்றுவிட்டார்கள். பிரஸ் ஷாப்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள்.

அக்கா குழாயைத் திருகினார். "பிஸ்மில்லா" என்று சொல்லிக் குச்சியைக் கிழித்தார். முனிராஜ் பக்கத்தில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

பற்றிக்கொண்டது. நீலமாக, சின்னதாக, கம்மல் அளவுக்கு ஒரு தீ. யாரும் கை தட்டவில்லை. தட்டினால் அந்தக் காற்றுக்கே அணைந்துவிடும் போல இருந்தது.

சாம்பார் அண்டாவைத் தூக்கி வைக்க அது தாங்காது. அக்கா டீ போடுகிற சின்னப் பாத்திரத்தை வைத்தார். பால் ஊற்றினார். எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். பால் அசையவில்லை. ஜி.எம். கடிகாரத்தைப் பார்த்தார். வெளிநாட்டுக்காரர் ஒருவர் குனிந்து தீயைப் பார்த்தார், நிமிர்ந்து டிரம்மைப் பார்த்தார், மறுபடி குனிந்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டவர்கள்கூடப் போகவில்லை. முனிராஜ் மட்டும் டிரம்மைப் பார்த்து மெதுவாக, "இன்னும் கொஞ்சம் சார், இன்னும் கொஞ்சம் சார்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தான்.

இருபது நிமிஷம் இருக்கும். ஓரத்தில் ஒரு குமிழ் வந்தது. அப்புறம் ரெண்டு. பால் பொங்கி மேலே வந்தபோது நூறு பேர் ஒரே நேரத்தில் "ஓ!" என்று கத்தினார்கள். வெளிநாட்டுக்காரர்களும் கத்தினார்கள், எதற்கென்று தெரியாமலே.

மூன்று கிளாஸ்தான் வந்தது. விருந்தாளிகள் இருவரும் குடித்துவிட்டுக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்கள். ஜி.எம். கிளாஸை வாங்கினார். ஒரு வாய் உறிஞ்சினார். தொட்டியைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார்.

"சர்க்கரை கம்மி" என்றார்.

அவ்வளவுதான். மண் இல்லை, பார்க்கிங் இல்லை, பெங்களூர் வண்டி இல்லை. அந்த மூன்று வாரத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மும்தாஜ் அக்கா அத்தனை பேர் முன்னால் ஓவென்று அழ ஆரம்பித்தார். ஒன்பது பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

ஜி.எம். வெலவெலத்துப் போனார். கையில் இருந்த டீயை மடமடவென்று ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் காலி கிளாஸைக் கவிழ்த்துக் காட்டினார்.

"அழாதம்மா, நல்லாத்தான் இருக்கு! சர்க்கரை கம்மியா இருந்தா நல்லதும்மா, டாக்டரே எனக்கு அப்பிடித்தான் குடிக்கச் சொல்லியிருக்காரு!"